கூடைப்பந்துக்கு ஒரு கெட்டிமேளம்

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் தவிலை மேசையில் தூக்கிவைத்த பெண் அதிகாரி, "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை" என்றேன். தவிலுக்குள் காற்றைத் தவிர வேறு என்ன இருக்கும்? ஆனால் எல்லையில் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. தோலைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். என்ன மிருகம் என்று கேட்டாள். என் ஆங்கிலம் ஆட்டோடு நின்றுவிட்டது. கடைசியில் நின்ற நிலையிலேயே நாலு அடி அடித்துக் காட்டினேன். பக்கத்து வரிசையில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. அதிகாரி சிரித்து முத்திரையைக் குத்தினாள்.

நான் வந்தது ஒரு கலியாணத்துக்கு. இணுவிலில் என் கைபடாத கலியாண வீடு குறைவு என்று நானே சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பார்கள், ஆனால் அது உண்மை. மாப்பிள்ளையின் தகப்பன் என்னுடைய தவிலுக்குத்தான் தாலி கட்டினார். மகனுக்கும் அதே கைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரத்தில் மண்டபம். வெளியே முழங்கால்வரை பனி. மாப்பிள்ளை பட்டு வேட்டிக்கு மேலே குளிர்கோட்டும் காலில் பூட்சுமாகக் காரிலிருந்து இறங்கினார். மாலையைக் கோட்டுக்கு மேலே போடுவதா உள்ளே போடுவதா என்று பத்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. நாதஸ்வரக்காரர் இந்த ஊர்தான், நல்ல வாசிப்பு. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

தாலி ஏறும் நேரம் ஒரு தும்மலோ, குழந்தையின் அழுகையோ, யாரோ ஒருவரின் வேண்டாத பேச்சோ அந்த இருவரின் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் கெட்டிமேளம். ஐயர் கையை உயர்த்தி விரலை ஆட்டுவார். சுற்றியிருப்பவர்களும் கையைத் தூக்கி ஆட்டுவார்கள். அந்த விரல்களைக் கண்டதும் வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு முழுப் பலத்தோடு அடிப்போம். முப்பது வருடமாக இதைச் செய்கிறேன். விரல் ஆடினால் என் கை என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

மார்க்கத்திலும் அப்படித்தான் அடித்தேன். ஆனால் மூன்றாவது முடிச்சு விழுந்து நான் மூச்சு விடுவதற்குள், மூலையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்ற டீ.ஜே. ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டான். சுவர்கள் அதிர்ந்தன. என் தவில் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவனை முதல் வாயோடு எழுப்பி அனுப்பியதுபோல இருந்தது. அன்று முழுவதும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. டீ.ஜே. என்ற இனமே உருப்படாது என்று தங்கச்சி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கார் ஓட்டிய தங்கச்சி வசந்தி ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தது.

வசந்தியின் வீடு மில்லிக்கனில். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே அச்சில் வார்த்த பனிக்குவியல்கள். மச்சான் ட்ரக் ஓட்டிக்கொண்டு மேற்கே போயிருந்தார். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். சொதி தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலில் வைத்தது என்றாலும் வசந்தியின் கை மாறவில்லை. நான் ஏழாவது இடியப்பத்தில் நிற்கும்போது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணை, நீங்கள்தான் ஆரணிக்குச் சொல்லவேணும்."

"உன்ர மகளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"உவள் பாங்கில நல்ல வேலையில இருந்தவள். அதை விட்டுட்டு இப்ப பந்தடிக்கிற இடத்தில பாட்டுப் போடுறாள். நீங்கள் நேற்று முழுக்க வைதுகொண்டு வந்தியளே, அந்த டீ.ஜே. வேலை. ஒஷாவாவில ஒரு ஒஃபிஸில இருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. வாற திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லவேணும். நான் வாயைத் திறந்தால் சண்டை. நீங்கள் சொன்னால் கேப்பாள்."

சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஏழு இடியப்பம் சாப்பிட்டவன் வேறு என்ன செய்ய முடியும்?

ஆரணி மத்தியானம் வந்தாள். இருபத்தாறு வயது, இங்கேயே பிறந்தவள். கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன். நான் தொண்டையைச் செருமியதுமே, "தெரியும் மாமா, அம்மா சொல்லச் சொன்னவா" என்றாள். "முதல் வந்து பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ. டீல்?"

பார்க்காமல் வாசிப்பைக் குறை சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை போனோம். தவிலையும் கொண்டுவரச் சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் நான் பனியில் வழுக்க, தவில் கையிலிருந்து நழுவி நடைபாதைச் சரிவில் உருளத் தொடங்கியது. நான் கத்துகிறேன், ஆரணி ஓடுகிறாள். எதிரே வந்த தலைப்பாகைக்காரர் ஒருவர் காலை நீட்டி அதைத் தடுத்து நிறுத்தினார். உறையைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் பயந்துவிட்டேன், காஸ் சிலிண்டர் என்று நினைத்தேன்" என்றார். பஸ்ஸில் ஏறியதும் ஓட்டுநர் தவிலுக்குத் தனி இருக்கை காட்டினார். ஊரில் என்றால் கொண்டக்டர் அதைக் கூரையில் ஏற்றியிருப்பான்.

நகரத்துப் பெரிய கூடைப்பந்து அணியைப் பற்றி உலகத்துக்கே தெரியும். ஆரணி வேலை செய்வது அதற்குக் கீழே உள்ள ஒரு சின்னத் தொழில்முறை அணியில். ஏரிப் பக்கமாகப் பழைய பனிஹொக்கி மண்டபம் ஒன்று. உள்ளே போனபோது வீரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் ஒருவரையும் பார்க்கவில்லை, பந்தைத்தான் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு பந்துகள் மரத்தரையில் விழுந்து எழும்பும் சத்தம். ஒருவன் நாலு நாலாகத் தட்டிக்கொண்டு வருகிறான், தகதிமி. கூடைக்குக் கிட்ட வந்ததும் இரண்டு எட்டு வைத்து மூன்றாவதில் எழும்புகிறான், தகிட. காலம் பிசகவில்லை. இவ்வளவு உயரமான லயக்காரர்களை நான் பார்த்ததில்லை.

ஆரணியின் மேசை திடலின் ஓரத்தில் இருந்தது. வண்ண வண்ணமாக ஒளிரும் பொத்தான்கள், கணினி, காதில் பேசும் கருவி. நான் வாய் பார்த்துக்கொண்டு நிற்க அவள் விளக்கினாள்.

"மாமா, இது கொன்சேர்ட் இல்லை. பந்துதான் மெயின். எங்கட ஆள் பந்தைக் கொண்டுபோகேக்க ஒரு பீட். அவங்கள் கொண்டு வரேக்க வேற பீட், லைக், கொஞ்சம் பயப்படுத்துற மாதிரி. ஒரு பாட்டுக்கு எட்டு செக்கன்தான். விசில் அடிச்சால் கட். நான் பாட்டைப் பாக்கிறேல்லை, அவையின்ர காலைப் பாக்கிறன்."

"வீரர்கள் ஆட வரேக்க?"

"லைட் எல்லாம் ஓஃப் பண்ணி, ஒவ்வொரு ஆளாப் பேர் சொல்லி, அவையவைக்கு எண்டு ஒரு பாட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை, இது எங்கட வேலை. சுவாமி வெளிக்கிடேக்க மல்லாரி. வீதி சுத்தேக்க ஒண்டு, திரும்பி வரேக்க ஒண்டு. தாலிக்கு ஒண்டு. எதுக்கு எது எண்டு தெரியாதவன் தவிலைத் தொடக்கூடாது."

"எக்ஸாக்ட்லி, மாமா! இதை நான் அம்மாவுக்கு ரெண்டு மாசமாச் சொல்லுறன்."

அன்று கேட்டுத் தெரிந்துகொண்டவை பல. இந்த ஊரில் ராப் பாடுகிறவர்களும் பந்தாடுகிறவர்களும் ஒரே சமூக மண்டபத்தில் வளர்ந்தவர்கள். ஒரு பக்கம் கூடை, கதவுக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அறை. இந்தப் பக்கம் இடம் கிடைக்காதவன் அந்தப் பக்கம் போனான். அதனால் பாடுகிறவன் பாட்டில் பந்து வரும், பந்தாடுகிறவன் பையில் பாட்டு இருக்கும். புகழ் பெற்ற பாடகர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து நடுவரோடு சண்டை பிடிப்பார்களாம். இந்த அணியிலேயே டெவோன் என்று ஒருவன், எட்டாம் இலக்கம், பனைமரம் மாதிரி உயரம், தானே பாட்டு எழுதிப் பாடி வெளியிடுகிறான். பயிற்சி முடிந்து வந்து ஆரணியிடம், ஆட்டத்துக்கு முன் வீரர்கள் உடம்பைச் சூடேற்றும் நேரத்தில் தன் புதுப் பாட்டைப் போடச் சொல்லிக் கெஞ்சினான்.

"கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டாயா?" என்று கேட்டாள் ஆரணி.

"ஒன்றுதான் மிச்சம்."

"அப்படியானால் இல்லை."

அந்த நெட்டையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். எனக்கு என் மருமகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. வசந்திக்குக் கொடுத்த வாக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்து கொஞ்சம் உறுத்தியது.

விஷயம் இதுதான். முன்பு இந்த வேலையைச் செய்தவர் விலகிவிட்டார். ஆரணியை ஐந்து ஆட்டங்களுக்குச் சோதனையாக எடுத்திருந்தார்கள். ஞாயிறு பிற்பகல் நடப்பது ஐந்தாவது. அதுவும் தை, இந்த நாட்டில் தமிழர் மரபு மாதம் என்பதால் அன்றைக்குத் தமிழ் ரசிகர்களை அழைத்திருந்தார்கள். திங்கள் மத்தியானம், ஆட்டத்தின் நிகழ்ச்சிகளை எல்லாம் நடத்தும் ஷரோன் என்ற அம்மா முடிவு சொல்லுவார். ஒஷாவாவுக்குப் பதில் சொல்லவேண்டியதும் அதே நாள்.

"இரண்டு தமிழ்ப் பாட்டுப் போடு எண்டு ஷரோன் சொன்னவா. எனிவன் கான் டூ தட். எனக்கு நீங்க வேணும் மாமா."

ஷரோன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த சடைமுடி, கழுத்தில் விசில். ஆரணி பொத்தானைத் தட்டி ஒரு தாளத்தை ஓடவிட்டாள். நான் விரல்களில் தவிலடிக்கும் கூடுகளை மாட்டிக்கொண்டு அதன் இடுக்குகளில் வாசித்தேன். இயந்திரத் தாளம் என்று முதலில் இளக்காரமாகத்தான் தொடங்கினேன். ஆனால் அவள் நான் போகும் இடத்தைக் கேட்டுக் கேட்டுத் தாளத்தை மாற்றினாள். நல்ல நாதஸ்வரக்காரரோடு வாசிக்கும்போது வருகிற அதே சந்தோஷம் எனக்கு வந்தது. ஷரோன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை தாமதிக்காமல் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வசந்தி, "சொன்னனீங்களோ?" என்றாள்.

"சொல்லுறன், சொல்லுறன்" என்றேன்.

ஞாயிறு வந்தது. வசந்தியும் வந்தாள், சேலைக்கு மேலே கோட்டு. தமிழ்ச் சனம் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தது. வாசலில் சோளப்பொரிக்குப் பக்கத்தில் அன்று மட்டும் மட்டன் ரோல்ஸும் விற்றார்கள். என் பின்னால் நின்ற மட்டக்களப்பு அங்கிள் ஒருவர், "உறைப்பே இல்ல, உங்கட ஆக்கள் செஞ்சதில்ல போல" என்று யாழ்ப்பாணத்து மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டே இன்னும் நாலு வாங்கினார்.

விளக்குகள் அணைந்தன. நான் வீரர்கள் வெளிவரும் குகைவாசலில் நின்று வாசித்தேன். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் அதே மனத்தோடுதான் வாசித்தேன், பொய் சொல்லவில்லை. டெவோன் வெளியே வரும்போது என் பக்கம் திரும்பி இரண்டு எட்டு ஆடிவிட்டு ஓடினான். சனம் எழும்பி நின்றது.

பிறகு என்னை உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்கள். மண்டபத்துச் சூட்டுக் காற்றில் தவிலின் வலப்பக்கமான வலந்தலைத் தோல் காய்ந்து முறுகியிருந்தது, அதைச் சரிபார்க்கவேண்டியிருந்தது. அதனால் ஆட்டத்தின் முதல் பாதியை நான் காணவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், பிறகு நடந்ததற்கு இதுதான் காரணம். இடைவேளையில் திடல் நடுவே நானும் ஆரணியுமாக வாசித்தோம். வசந்தி இருந்த பக்கம் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருந்த அன்ரியிடம் ஆரணியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வாசிப்பு நன்றாக எடுபட்டதால் ஷரோனுக்கு ஆசை கூடிவிட்டது. திரும்பவும் உள்ளறைக்குப் போயிருந்த என்னைக் கூப்பிட்டு, கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஆரணிக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். எங்கள் அணி பின்னால் நின்று துரத்திக்கொண்டிருந்தது. எதிரணி ஆள் ஒருவன் தண்டனை எறிதலுக்கு நின்றான். அவனைத் தடுத்து விழுத்தியதற்காக, ஒருவரும் மறிக்காமல் கூடைக்கு நேரே நின்று எறிய இரண்டு சந்தர்ப்பம். மண்டபம் முழுவதும் கூச்சல் போட்டது. ஆரணி எனக்குத் தலையசைத்தாள், நானும் அடித்தேன். எறிகிற நேரம் சத்தம் வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன்.

ஆட்டம் முடியச் சில செக்கன்கள். நாங்கள் ஒரு புள்ளி பின்னுக்கு. டெவோனை விழுத்தினார்கள். அவனுக்கு இரண்டு எறிதல். அவன் கோட்டில் வந்து நின்றான்.

மண்டபம் சட்டென்று அடங்கியது. ஆயிரக்கணக்கான சனம், ஒரு சத்தம் இல்லை. ஆரணி குனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிவர இருந்த அத்தனை பேரும் கையை மேலே தூக்கி விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐயர் ஒருவர் விரலை ஆட்டினாலே என் கை நிற்காது. இங்கே மண்டபமே ஆட்டுகிறது. எல்லோரும் எனக்கு இடம் விட்டு அடங்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பையனின் நல்ல நேரத்தில் ஒரு துர்ச்சத்தமும் அவன் காதில் விழக்கூடாது என்று முழுப் பலத்தோடு கெட்டிமேளம் அடித்தேன்.

பந்து அவன் கையை விட்டு நழுவிய மாதிரிப் போய் இரும்பு வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

ஆரணி என் வலந்தலைமேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினாள். தோல் அவள் கைக்குக் கீழே நடுங்கி நின்றது. அந்த நேரத்து அவளுடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். கோபமில்லை, இரத்தமே இல்லாத முகம். எங்கள் ஆள் எறிந்தால் மௌனம், அவர்கள் ஆள் எறிந்தால் கூச்சல் என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மூச்சுவிடுவதுபோல. அதை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சனம் கையை ஆட்டியது அவனுக்குச் சத்தமில்லாமல் துணை நிற்பதற்கு.

ஹெட்ஃபோனில் ஷரோனின் குரல் எனக்கே கேட்டது. "யார் அது?"

"என் பிழை" என்றாள் ஆரணி. "நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை."

சனம் குழம்பிப்போய் முணுமுணுத்தது. யாரோ எங்களைப் பார்த்து உறுமினார்கள். ஆரணி எழுந்து நின்று, ஒரு பொத்தானையும் தொடாமல், இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள். முன்வரிசை அவளைப் பார்த்துக் கையைத் தூக்கியது. அடுத்த வரிசையும் தூக்கியது. திரும்பவும் மண்டபம் அடங்கியது. நான் கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். டெவோன் இரண்டாவதை எறிந்தான். வலையை மட்டும் உரசிக்கொண்டு போனது. ஆட்டம் சமன்.

அடுத்த ஓட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன் அவசரப்பட்டு எதிரணிக்காரனைத் தடுக்க, அவர்களுக்கு இரண்டு எறிதல். மண்டபம் கூவியது. நான் கையை எடுக்கவில்லை. இனி இந்த ஊரில் தவிலைத் தொடுவதில்லை என்று அந்த ஒரு நிமிடத்தில் சபதமே எடுத்திருந்தேன். ஆரணி என்னை நோக்கித் திரும்பினாள். கையை உயர்த்தி, ஐயர் செய்வதுபோலவே விரலை ஆட்டினாள்.

"இப்ப, மாமா! இப்ப அடியுங்கோ!"

அடித்தேன். முப்பது வருடத்தில் அப்படி அடித்ததில்லை. அவன் முதலாவதை விட்டுவிட்டான். கூரை இடிந்து விழுந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவதைப் போட்டுவிட்டான். ஒரு புள்ளியால் தோற்றோம்.

டெவோன் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தான். நான் எழுந்து நின்றேன். அடிப்பான் என்று பயம். "அது என்ன சத்தம்?" என்று கேட்டான். ஆரணி தாலியையும் தும்மலையும் பற்றி விளக்கினாள். அவன் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அங்கிள், நான் இதைவிட அமைதியிலும் தவறவிட்டிருக்கிறேன்" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டு இரண்டு நாள் வலித்தது.

வீட்டுக்குப் போகும்போது, ஷரோனுக்கு ஆரணி சொன்ன பதிலைக் காரில் வசந்தியிடம் சொன்னேன். மில்லிக்கன் கிட்டியபோது வசந்தி மகளைக் கேட்டாள்.

"மாமா செய்த பிழைக்கு நீ ஏனடி உன்ர பேரைச் சொன்னனீ?"

"அம்மா, அவருக்குச் சொல்லிக்குடுக்கிறது என்ர வேலை. நான் செய்யேல்லை."

"வேலை போனால்?"

"போனால் போகட்டும். பட் நான் அவரைக் காட்டிக்குடுக்க மாட்டன்."

நான் பின்னிருக்கையில் தவிலைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். மருமகளுக்குப் புத்தி சொல்ல வந்தவன் அவளுடைய சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று இருந்தது.

திங்கள் விடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டேன். ஷரோனை நேரில் கண்டு, பிழை என்னுடையது என்று சொல்லிவிடவேண்டும். அவசரத்தில் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கட்டடங்கள் குறைந்து வெட்டவெளியும் பனியுமாக வரும்போதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்த ஜமேக்கா அம்மா, "எங்கே போகவேண்டும்?" என்று கேட்டார். சொன்னேன். "மகனே, நீ ஸ்ரௌவ்வில் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாய்" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, என்னை ஒருவர் மகனே என்று கூப்பிட்டு நாளாகிவிட்டது. அவரும் என்னோடு இறங்கி, வீதியைக் கடக்கவைத்து, சரியான பஸ் வரும்வரை அந்தக் குளிரில் நின்றார்.

மண்டபத்துக்குப் போய்ச்சேரப் பதினொரு மணி. ஷரோன் வெறும் இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பாடமாக்கி வந்த ஆங்கிலத்தை ஒப்புவித்தேன். "பிழை என்னுடையது. அந்தப் பிள்ளையுடையது அல்ல. எங்கள் ஊரில் கையைத் தூக்கினால் அடிக்கவேண்டும்."

"எனக்குக் கண் இருக்கிறது அங்கிள்" என்றார் ஷரோன். "சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். இந்த ஹெட்ஃபோனில் நான் 'யார் அது' என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவன் பெயரைச் சொல்லுவார்கள். 'என் பிழை' என்று கேட்டு எவ்வளவு காலம் என்று நினைவில்லை. அதற்கும் மேலே, ஒரு பாட்டும் போடாமல் என் மண்டபத்தை அமைதியாக்கினாள். பாட்டுப் போட ஆயிரம் பேர் வருவார்கள். நிறுத்தத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டுச் சொல்ல இருந்தேன். அதையும் கெடுக்க வந்தீர்களா?"

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமில்லாமல் கண் கலங்கியது.

"அந்தச் சத்தம் எனக்கு வேண்டும்" என்றார் ஷரோன். "அவர்கள் எறியும்போது மட்டும்."

வீட்டுக்கு வந்தபோது வசந்தி கதவைத் திறந்தாள். ஆரணி அடுப்படியில் கைபேசியும் கையுமாகத் துள்ளிக்கொண்டு நின்றாள். "ஒஷாவாக்காரருக்கு இல்லையெண்டு சொல்லிப்போட்டாள்" என்றாள் வசந்தி. குரலில் சண்டை இல்லை. சந்தோஷமும் இருந்ததாகச் சொல்லமாட்டேன். "நீங்கள் விடியவே எங்க போனனீங்கள்? சோறு ஆறிப்போச்சு."

அடுத்த நாள் நிலவறையில் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு ஆரணி என் கெட்டிமேளத்தைப் பதிவுசெய்தாள். எட்டு செக்கன். அதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். வசந்தி மேலிருந்து கரண்டியால் தட்டி, "பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடப் போகினம்" என்று கத்தியதும் முதல் பதிவில் விழுந்துவிட்டது. திரும்ப எடுத்தோம்.

ஊருக்கு வந்து ஒரு மாதம். மார்க்கம் டீ.ஜே.யை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அது வேறு விஷயம். போன கிழமை காலையில் தவிலுக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்தபோது ஆரணி ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். அதே மண்டபம். எதிரணி ஆள் கோட்டில் நிற்கிறான். என் கெட்டிமேளம் முழங்குகிறது. வெள்ளைக்காரரும் கறுப்பரும் சீனரும் தமிழருமாக எல்லோரும் ஒற்றை விரலை ஆட்டுகிறார்கள். அவன் எறிகிறான், வெளியே போகிறது. மண்டபம் வெடிக்கிறது.

காணொளி கொஞ்சம் ஆடிக்கொண்டே இருந்தது. ஆரணி மேசையில் இருக்கும்போது இதை எடுத்தது யார் என்று யோசித்தேன். சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை போட்டேன். தவிலுக்கும் மேலாக, கைபேசிக்குக் கிட்டத்தில், ஒரு பெண்குரல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்! அடி பிள்ளை, அடி!"

என் தங்கச்சி வசந்தி.